மஞ்சள் சேலைப் படம்

செல்லுல படம் பாக்குறியாம்மா? பாரு, பாரு. நான் எட்டிப் பாக்கல. பேரு தெரிஞ்சுதான பாக்குற? அப்ப சரி. பேரு தெரியாத படத்த மட்டும் தேடிப் போகாத. அதத் தேடப் போயிதான் எங்க குடும்பம் இன்னைக்கு இப்படி வந்து நிக்குது.

எனக்கு ஊரு போடி. மதுரைக்குப் போறேன். இனிமே கொஞ்ச நாளைக்கு மதுரையிலதான், ஒரு சொந்தக்காரப் பொண்ணு வீட்டுல. ஜாமீன்ல விட்டிருக்காக, போடியில தங்கக் கூடாதாம். பயப்படாத. என்னயப் பாத்தா பயப்படுற மாதிரியா இருக்கு? எழுபது வயசு. யாருகிட்டயும் எதுவும் பேசாதீங்கன்னு வக்கீல் சொல்லித்தான் அனுப்பிருக்காரு. ஆனா நீ யாரோ, நான் யாரோ. பஸ்ச விட்டு எறங்குனா ஒன்ன நான் பாக்கவா போறேன்.

எனக்கு ஒரே தம்பி, மனோகரன். ஏலக்காய் யாவாரம். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசத்துல எங்க வீட்டுக்காரரு செத்துப் போனாரு, நான் தம்பி வீட்டோட வந்துட்டேன். அவன் பொண்டாட்டி இந்திராணி. அவுகளுக்கு ஒரே மக, ஹேமலதா. ஹேமான்னு கூப்பிடுவோம். ஹேமாவுக்கு அஞ்சு வயசா இருக்கும்போது இந்திராணி யாரோடயோ ஓடிப் போயிட்டா. அப்படித்தான் ஊருக்குள்ள சொன்னோம். ஊரும் நம்புச்சு. இந்திராணியோட ஆத்தா அப்பனே நம்பிட்டாக. அந்த அவமானத்துல எங்க தெருப் பக்கமே தல காட்டல.

அன்னையிலருந்து அந்தப் புள்ளைக்கு எல்லாம் நான்தான். தல பின்னி விட்டது நான். காய்ச்சல்ல கெடந்தா மடியில போட்டுக்கிட்டது நான். டீச்சர் டிரெய்னிங் படிக்கணும்னு சொன்னப்ப, அவுக அப்பன் கூட சண்ட போட்டு அனுப்பி வச்சது நான். அவ கல்யாணத்தன்னைக்கு, தாலியறுத்தவ நாம எதுக்கு முன்னால போயி நிக்கணும்னு தூணுக்குப் பின்னால ஒதுங்கி நின்னேன். மணையில உக்கார மாட்டேன்னுட்டா. 'அத்தை வந்து பக்கத்துல நின்னாத்தான் உக்காருவேன்'னு சபையில வச்சுச் சொன்னா. அப்படி இருந்தவம்மா அவ.

மொதல்ல ஒரு படம்னு சொன்னேன்ல, அது அவளுக்குச் சின்ன வயசுலருந்தே ஞாபகத்துல இருக்கு. பேரு தெரியாது. யாரு நடிச்சது, அதுவும் தெரியாது. ஒரு மரப் படிக்கட்டு. அதுக்குக் கீழ மஞ்சச் சேல கட்டுன பொம்பள ஒருத்தி குப்புறக் கெடக்கா. படியெல்லாம் பச்சப் பச்சயா ஏலக்காய் சிந்திக் கெடக்கு. வெளிய மழ அடிச்சு ஊத்துது. ஒரு ஆம்பள செவப்பு வாளியில தண்ணி கொண்டாந்து படியில ஊத்துறான். போறான், கொண்டாறான், ஊத்துறான். அப்பப் பின்னாலருந்து ஒரு கை வந்து கண்ணப் பொத்துது. அம்புட்டுத்தான்.

'அத்தை, நாம பாத்தமே மஞ்சச் சேலைப் படம், அது பேரு என்ன அத்தை?' எத்தன தடவ கேட்டிருப்பா! மூணாப்பு படிக்கிறப்ப கேட்டா, வயசுக்கு வந்து குச்சுல உக்காந்திருந்தப்ப கேட்டா. 'அது பழைய படம்டி, எனக்கே பேரு மறந்து போச்சு'ன்னு சொல்லிருவேன். அவ அப்பன் காதுல விழுந்துச்சுன்னா சோத்துத் தட்ட அப்படியே வச்சுட்டு எந்திருச்சுப் போயிருவான். நான்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சமாளிக்கணும். இப்படியே முப்பது வருசம் ஓடுச்சு.

போன வருசத்துக்கு முந்துன வருசம் மனோகரன் நெஞ்சு வலியில போயிட்டான். காரியத்துக்கு வந்த ஹேமா ஒரு மாசம் தங்கி இருந்தா. ஒரு நாள் சொல்றா, 'அப்பா போனதுலருந்து அந்தப் படம் தெனமும் கனவுல வருது அத்தை. எப்படி முடியுதுன்னு தெரிஞ்சா நின்னுரும்னு தோணுது' அப்படின்னா. சரி, ரெண்டு நாள்ல மறந்துருவான்னு விட்டுட்டேன். அதுதான் நான் பண்ணுன தப்பு. ஏதாவது ஒரு படத்துப் பேர அன்னைக்கே அடிச்சு விட்டிருக்கணும்.

அவ திருப்பூர்ல கணக்கு டீச்சரு. கணக்கு டீச்சர்னா தெரியும்ல, விட மாட்டா. ஃபேஸ்புக்குல பழைய படமெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்குறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்காம். நீ பாத்திருக்கியா? பாதி பாட்டு, அரை சீன் சொன்னாலே போதும், அது இன்ன படம், இன்ன வருசம்னு சொல்லிருவாகளாம். அதுல கொண்டு போயி இத எழுதிப் போட்டுட்டா. படி, ஏலக்காய், மழ, வாளி, ஒண்ணு விடல.

மொதல்ல எனக்குச் சிரிப்பாத்தான் இருந்துச்சு. ஆளாளுக்கு ஒரு படம் சொன்னாக. ஹேமா ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, இது இல்ல, இது இல்லன்னு போன்ல சொல்லுவா. ஏலக்காய் வருதுன்னா கேரளாப் படமா இருக்கும்னு ஒருத்தர் எழுத, நானும் ஆமா ஆமா, அது மலையாளத்துலருந்து டப்பிங் பண்ணுனதுதான்னு சொல்லி வச்சேன். பாத்தா மறு வாரம் மலையாளத்துக்காரங்க ஐநூறு பேரு தேட ஆரம்பிச்சுட்டாக. எல்லாரும் நல்லவங்கதான். பாவம், ராத்திரி பகலாத் தேடுறாக. நல்லவங்களா இருக்கப் போயித்தான் விட மாட்டேங்குறாக. அப்பத்தான் எனக்கு, அந்தக் கூட்டத்து நாலாயிரம் பேரும், ஹேமாவோட சேந்து, எங்க வீட்டு மாடிப்படியப் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு.

அந்தக் கூட்டத்துக்குப் பெரியவரு ஒருத்தரு, ஞானசிகாமணின்னு பேரு. பெரியகுளத்துக்காரரு, தபாலாபீசுல வேல பாத்து ரிட்டயரானவரு. நம்ம பக்கத்து ஊரு எல்லாத்துலயும் எந்தத் தியேட்டர்ல எந்தத் தேதி என்ன படம் ஓடுச்சுன்னு நோட்டு நோட்டா எழுதி வச்சிருக்காராம். இப்படியும் மனுசங்க இருக்காகளேன்னு பாரு. ஹேமா என்னயக் கேட்டா, 'எந்தத் தியேட்டர்ல பாத்தோம் அத்தை?' நான் கமலவேணி டாக்கீஸுன்னு சொல்லிட்டேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். எந்த மாசம்? ஐப்பசி, நல்ல மழ. அதையும் சொல்லிட்டேன்.

ரெண்டு நாள்ல பதில் வந்துருச்சு. அந்த வருசம் ஐப்பசி மழையில கமலவேணியில ஒரு பக்கச் செவரு சரிஞ்சு போச்சாம். பொங்கலுக்குத்தான் மறுபடி தெறந்தாகளாம். அவரு நோட்டுல இருக்காம்.

அப்ப நான் மாத்திச் சொன்னேன். தியேட்டர் இல்லம்மா, கேசட்டு, வீட்டுல வாடகைக்கு எடுத்துப் போட்டோம்னேன். போன்ல மெதுவாச் சொல்றா, 'நான் மூணாப்பு படிக்கிறப்பத்தான அத்தை நம்ம வீட்டுக்கு டிவி வந்துச்சு.'

வளத்த புள்ள நம்மள விசாரண பண்ற மாதிரிப் பேசுனா எப்படி இருக்கும்? ரெண்டு நாள் நான் சாப்புடல.

அப்புறம் அந்த ஞானசிகாமணியவே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. மெலிஞ்ச மனுசன், வெள்ளச் சட்ட, கையில மஞ்சப்பை. காப்பி குடுத்தேன், குடிச்சாரு. மாடிப்படிய ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ஹேமாகிட்ட அவரு சொன்னத இன்னைக்கும் வார்த்த மாறாம என்னால சொல்ல முடியும்.

"நான் ஆறாயிரம் படம் பாத்திருக்கேம்மா. ஒருத்தி விழுந்து கெடந்தா, அவ முகத்தக் காட்டாம எவனும் படம் எடுக்க மாட்டான். மேலருந்து காட்டுவான், கிட்டக்கப் போவான். நீங்க சொல்றதுல எல்லாமே ஒரே எடத்துலருந்துதான் தெரியுது. கதவுக்குப் பின்னால நிக்கிற சின்னப் புள்ளையோட ஒசரத்துலருந்து."

சொல்லிட்டு எந்திருச்சு எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு. ஹேமா அழுகல. கதவுகிட்டப் போயி நின்னு, அங்கருந்து மாடிப்படியவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அவளும் ஊருக்குக் கெளம்பிட்டா.

ஒன்கிட்டச் சொல்றதுக்கு என்ன. அப்படி ஒரு படமே கெடையாதும்மா.

இந்திராணி ஓடிப் போகல. அந்த வாரம் பஸ் ஸ்டாண்டுல அவ ஒரு ஆளுகூட நின்னு சிரிச்சுப் பேசுனதப் பாத்தேன். தம்பிகிட்டச் சொன்னேன். பாத்ததத்தான் சொன்னேன், கூட ஒரு வார்த்த சேக்கல. அந்த ஆளு, அவ தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவானதச் சொல்ல வந்த அவ ஊர்க்காரன்னு பின்னாலதான் தெரியவந்துச்சு. எனக்கென்ன சோசியமா தெரியும்? மனோகரன் தங்கமான பையன், கோவம் மட்டும் வரும். ஞாயித்துக்கெழம மத்தியானம். இந்திராணி மாடியில காயப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. இவன் மேல போனான். சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவ, கூடை, காய் எல்லாம் சேந்து படியில உருண்டு வந்துச்சு. தலையில அடி. கீழ எறங்கி வந்தவன், 'அக்கா, என்னக்கா பண்றது'ன்னான். அவனுக்கு அந்த நேரத்துல படியக் கழுவத்தான் தோணுச்சு. வாளியத் தூக்கிட்டு ஓடுறான். நான் திரும்பிப் பாக்குறேன், தூங்கிக்கிட்டு இருந்த புள்ள எந்திருச்சு வந்து கதவோரமா நிக்குது. போயி கண்ணப் பொத்துனேன். அடுப்படிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

மறுநா காலையில கேட்டா. 'அத்தை, அந்த மஞ்சச் சேல ஏன் கீழ கெடந்துச்சு?' நான் என்ன சொல்லணும்ங்குற? அஞ்சு வயசுப் புள்ள. நேத்து நாம படத்துக்குப் போனோம்ல, அதுல வந்துச்சுடின்னேன். படமான்னா. ஆமா படம்னேன். சாயந்தரம் பக்கத்து வீட்டுப் புள்ளைககிட்ட, 'நாங்க படத்துக்குப் போனோமே'ன்னு பீத்திக்கிட்டா. அவ்வளவு சுளுவா முடிஞ்சு போச்சு. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லலன்னா அவ பயந்து பைத்தியம் பிடிச்சு வளந்திருப்பா. இன்னைக்கு டீச்சரா நிக்கிறாளே, அது யாரால? இதெல்லாம் யாரும் நெனச்சுப் பாக்க மாட்டேங்குறாக.

மூணு மாசத்துக்கு முன்னால ஒரு சனிக்கெழம மத்தியானம் தனியா வந்தா. செல்ல மேசையில வச்சா. "அத்தை, அந்தப் படத்த நீங்க மொதல்லருந்து சொல்லுங்க. நான் குறுக்க பேசல"ன்னா. கோவமாக் கேக்கல. சின்னதுல கத கேக்குற மாதிரியே கன்னத்துல கைய வச்சு உக்காந்திருந்தா. எனக்கு மனசு எளகிப் போச்சு. சரி, கோவம் தணிஞ்சு வந்திருக்கான்னு நெனச்சேன்.

சொன்னேன். முப்பது வருசமாச் சொன்ன கததான, தண்ணி மாதிரி வந்துச்சு. ஒரு நல்ல குடும்பம், ஒரு யாவாரி, அவனுக்குக் கோவம் வரும். மழ. மாடியில சண்ட. படியில உருண்டு விழுறா. சொல்லச் சொல்ல எனக்கே அது நெசமாப் படம் மாதிரித்தான் தெரிஞ்சுச்சு. "அப்ப அந்தப் பொம்பள தலைய லேசாத் திருப்பிக் கண்ணத் தெறந்து பாக்குறா. 'மதினி, தண்ணி'ங்குறா. அவன் இன்னொரு வாளி..."

ஹேமா கன்னத்துலருந்து கைய எடுத்தா.

"எனக்கு ஞாபகத்துல இருக்குறதுல அவ பேசவே மாட்டா அத்தை."

மேசையில கெடந்த செல்ல லேசா எம் பக்கம் நகத்துனா.

"குடுத்தாங்களா?"

"எத?"

"தண்ணி."

படத்துல அது வரலம்மான்னு சொன்னேன்.

அவ செல்ல எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா. வாசல் வரைக்கும் பின்னாலயே போனேன். திரும்பிப் பாக்கல.

தலையில அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீயும் கேட்டிருப்பல்ல? எல்லாரும் சொல்றதுதான? அதுவுமில்லாம எனக்கு ஒரு கையில புள்ள. மனோகரன்கிட்டச் சொன்னேன், ஜீப்ப எடுத்துட்டு வா, கூட்டிட்டுப் போடான்னு. ஆஸ்பத்திரிக்குன்னுதான் அர்த்தம். வேற எங்க? வாயத் தெறந்து ஆஸ்பத்திரின்னு சொல்லல, ஒத்துக்கிறேன். ஆனா அவ பொழச்சு எந்திருச்சா என்ன சொல்லியிருப்பா? என் தம்பி செயிலுக்குப் போயிருப்பான். அந்தப் புள்ள நடுத்தெருவுல நின்னிருக்கும். அதையும் யாராவது யோசிக்கணும்ல?

எங்க தெரு முக்குல எடது பக்கம் திரும்புனா ஆஸ்பத்திரி. வலது பக்கம் மலைக்குப் போற ரோடு. அடுப்படியில உக்காந்திருக்கேன், புள்ள மடியில. ஜீப்பு வலது பக்கம் திரும்புற சத்தம் கேட்டுச்சு. கேட்டுச்சுதான். புள்ளைய விட்டுட்டு எந்திருச்சு ஓட முடியுமா? ராத்திரி ஒம்பது மணிக்கு வந்தான். குளிச்சான். சோறு போட்டேன், சாப்புட்டான். நானும் கேக்கல, அவனும் சொல்லல. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எங்களுக்குள்ள அதப் பத்தி ஒரு பேச்சு நடந்ததில்ல.

மலையில எங்களுக்கு ஒரு தோட்டம் இருக்கு. காய் ஒலத்துற ஸ்டோருக்குப் பின்னால ஒரு துண்டு எடத்துல ஒரு செடி வைக்க விட மாட்டான் மனோகரன். சின்னப் புள்ளையில அங்க வெளையாடப் போனதுக்கு ஹேமாவ ஒரு தடவ பிரம்பால அடிச்சிருக்கான். நான் அத மறந்தே போயிட்டேன். அவ மறக்கல. அன்னைக்கு அந்தச் செல்லுல பதிஞ்சிருந்த என் கொரலையும் இதையும் கொண்டு போயி போலீஸ்ல சொல்லிட்டா. ஒரு நாள் பூராம் தோண்டுனாகளாம். கெடச்சிருச்சு. எலும்பும், ரெண்டு தோடும். மஞ்சச் சேல மக்கிப் போயிருக்கும். அதப் பத்தி யாரும் எதுவும் சொல்லல.

அப்புறம்தான் என்னய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனாக. பொம்பள இன்ஸ்பெக்டரு. மரியாதையாத்தான் நடத்துனாக, டீ வாங்கிக் குடுத்தாக. நடந்ததச் சொல்லுங்கம்மான்னாக. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. படத்துலருந்துதான் ஆரம்பிச்சேன். வேற மாதிரி எனக்குச் சொல்ல வரல. அவுக எழுதிக்கிட்டே வந்தாக. முடிச்சுட்டு எனக்குப் படிச்சுக் காட்டுனாக.

கேட்டுக்கிட்டே வாரேன், அதுல படம்ங்கற வார்த்தையே இல்ல. படத்துல ஒருத்தி விழுந்து கெடந்தான்னு நான் சொன்னேன். அங்க என்னடான்னா, 'என் தம்பியின் மனைவி இந்திராணி உயிரோடு கிடந்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கவில்லை'ன்னு இருக்கு. இத நான் சொல்லலம்மா, நான் படத்தப் பத்தித்தான் சொன்னேன், இதுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். இன்ஸ்பெக்டரு எவ்வளவோ சொல்லிப் பாத்தாக. நான் பேனாவையே தொடல.

ஹேமா அங்கதான், செவரோரமா பெஞ்சுல உக்காந்திருந்தா. அந்தச் சனிக்கெழமையிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. போன் பண்ணுனா எடுக்கல. அன்னைக்குக் காலையில ஸ்டேசன் வாசல்ல பாத்தப்பக்கூட முகத்தத் திருப்பிக்கிட்டா. எந்திருச்சு வந்தா. எனக்குப் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தா. மேசையில கெடந்த பேனாவ எடுத்து என் வெரலுக்குள்ள வச்சா. அவ கையி ஜில்லுனு இருந்துச்சு.

"கையெழுத்துப் போடுங்க அத்தை"ன்னா.

அத்தைன்னு கூப்பிட்டாம்மா. போட்டுட்டேன்.